பத்து நாள் ஒப்பந்தம்

(மதுரை மாவட்டம் கப்பலூரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2015 ஏப்ரல் 2 அன்று சிம் புல்லர் என்ற இளைஞர் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் பத்தே நாள். புல்லரின் உயரம் ஏழடி ஐந்து அங்குலம். பெற்றோர் பஞ்சாபிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள், பிறந்தது டொரண்டோவில். ஏப்ரல் 7 அன்று ஆட்டம் முடிய 16 நொடி இருக்கும்போது பயிற்சியாளர் அவரைக் களத்துக்கு அனுப்பினார். அரங்கம் எழுந்து நின்றது. என்.பி.ஏ. என்கிற அந்தப் பெரிய லீகில் காலடி வைத்த முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. மொத்தம் மூன்று ஆட்டங்கள் ஆடினார். பத்து நாள் முடிந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

பெரும்பாலான செய்திகள் அதோடு நின்றுவிட்டன. புல்லரின் தொழில் நிற்கவில்லை. அடுத்த பருவத்தில் டொரண்டோ அணியின் துணை அணியான ராப்டர்ஸ் 905-க்கு ஆடினார். பிறகு தைவானுக்குப் போய் டாசின் டைகர்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு அரங்கம் இருந்தது, சம்பளம் இருந்தது, ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறைய நேரம் களத்தில் நிற்கும் வாய்ப்பு இருந்தது. பந்தை வைத்துப் பிழைப்பு நடத்தும் மனிதர் ஒருவருக்கு இந்த மூன்றும் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் தோற்றுத் திரும்பியவர் என்ற தொனியில்தான் அவரைப் பற்றிய பேச்சு இருந்தது. இன்றைய பேச்சின் நோக்கம் அந்தத் தொனியை மாற்றுவது. நாடு நாடாகப் போய், பருவத்துக்கு ஒரு சட்டை மாற்றி, கூடைப்பந்து ஆடிப் பிழைக்கிறவர்களின் வாழ்க்கையை ஒரு தொழிலாக, மதிப்புள்ள தொழிலாகப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வந்தது.

கப்பலூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. இங்கே தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வளைகுடாவுக்குப் போன அண்ணனோ மாமாவோ இருப்பார். ஏஜென்ட், அக்ரிமெண்ட், விசா, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பு, சம்பளம் நிலுவை, ஊர் திரும்பல் எல்லாம் வீட்டுத் திண்ணையில் கேட்ட சொற்கள். வெளிநாட்டில் ஆடும் கூடைப்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கையும் அதே சொற்களால் ஆனதுதான். ஒரே வேறுபாடு, அவருடைய அக்ரிமெண்ட் பெரும்பாலும் எட்டு மாதத்தைத் தாண்டாது. வேலைத்திறன் குறைந்தால் அன்று மாலையே இரண்டாயிரம் பேருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் லீக் ஆட்டங்கள் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே வரை நடக்கும். ஆஸ்திரேலியாவின் முதல்நிலை லீகும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்குள்ள மாநில லீகுகள் தென் அரைக்கோளத்துக் குளிர்காலத்தில், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நடப்பவை. ஆகவே உடம்பு ஒத்துழைத்தால் ஓர் ஆட்டக்காரர் ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளில் இரண்டு சம்பளம் வாங்கலாம். பலர் அப்படித்தான் ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு என்பது விமானத்தில் தூங்குகிற நேரம்தான்.

வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் என்று ஏறத்தாழ எல்லா லீகுகளிலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஓர் அணிக்குச் சில இடம்தான். அந்த இடத்தில் வருகிறவரை ‘இம்போர்ட்’ என்பார்கள். உள்ளூர்ப் பையன் எட்டுப் புள்ளி எடுத்தால் கைதட்டுவார்கள். இம்போர்ட் எட்டுப் புள்ளி எடுத்தால் நிர்வாகம் ஏஜெண்டுக்குப் போன் போடும். பிலிப்பைன்ஸில் பருவத்தின் நடுவிலேயே இம்போர்ட்டை மாற்றுவது சாதாரணம். இரண்டு தோல்வி, ஒரு கணுக்கால் சுளுக்கு, அடுத்த விமானத்தில் வேறொருவர் வந்து இறங்கிவிடுவார். முதல் மாதத்திலேயே தன்னை நிரூபித்தாக வேண்டும். அதுவும் மொழி தெரியாத ஊரில், பழகாத சாப்பாட்டோடு.

இந்த ஆட்டம் நமக்குப் புதிதில்லை. கூடைப்பந்து பிறந்தது 1891-ல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து வந்த ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனபோது கூடைப்பந்தும் அவர்களோடு போனது. தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் சிமெண்ட் தளத்தில் இரண்டு கம்பமும் இரண்டு பலகையும் நிற்பதற்குப் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. தேசிய அளவில் தமிழ்நாடு எப்போதும் முன்வரிசை அணிகளில் ஒன்று. இருந்தும், வெளிநாட்டு லீகில் தொழில்முறையாக ஆடப்போனவர்களின் பட்டியல் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஏன் அப்படி என்பதை அறியச் சிறந்த வழி, போனவர்களின் பாதையைப் பார்ப்பது.

முதலில் கீத்து அன்னா ஜோஸ். கோட்டயம் அருகே கொல்லாடு என்ற ஊரில் 1985-ல் பிறந்தவர். மலையாளி, ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை வளர்ந்த இடம் சென்னை. தெற்கு ரயில்வேயில் வேலை. ஆறடிக்கு மேல் உயரம். கூடைக்கு முதுகு காட்டி நின்று, பந்தை வாங்கி, ஒரே சுழற்சியில் திரும்பிப் போடும் ஆட்டம் அவருடையது. தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியோடு மோதியவர்களுக்கு அந்தச் சுழற்சி எப்போது வரும் என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

2006-ல் மெல்பர்ன் நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கூடைப்பந்து அதில் முதன்முறையாக இடம்பெற்றது. இந்திய மகளிர் அணி ஆடியது. அதே ஆண்டில் மெல்பர்னின் புறநகரான ரிங்வுட்டைச் சேர்ந்த ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு கீத்து ஆடத் தொடங்கினார். ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றுக்குத் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த அணி இருந்தது விக்டோரியா மாநில லீகில். பெரிய தொலைக்காட்சி வெளிச்சம் விழாத இடம். ஆனால் வாரந்தோறும் ஆட்டம் உண்டு, மரத்தளம் உண்டு, தன் உயரத்துக்கு ஈடான எதிராளிகள் உண்டு. இந்தியாவில் அவரை நேருக்கு நேர் நின்று தடுக்கக்கூடிய பெண்கள் மிகச் சிலரே. அங்கே ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இருந்தார். 2008 வரை அந்தக் கிளப்போடு அவர் உறவு நீடித்தது.

2011 ஏப்ரலில் அவர் அமெரிக்கா போனார். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. லீகின் மூன்று அணிகள் — சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் — அவரை ட்ரையல்ஸுக்கு அழைத்திருந்தன. அந்த லீகில் அப்போது 12 அணிகள், அணிக்கு 11 பேர். உலகம் முழுமைக்கும் 132 இடம். அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பெண்கள் அந்த இடங்களுக்குத் தயாராகி வருகிறார்கள். கீத்துவுக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். தாய்லாந்து லீகிலும் ஆடினார். 2013-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. 2014-ல் அவருக்கு அர்ஜுனா விருது வந்தது.

பலர் கீத்துவை ‘டபிள்யூ.என்.பி.ஏ. வாசல் வரை போனவர்’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அது அநியாயம். ரிங்வுட் பருவங்கள்தான் அவருடைய உண்மையான வெளிநாட்டுச் சாதனை. ட்ரையல்ஸ் சில நாள் சமாச்சாரம். ரிங்வுட்டில் வேறொரு நாட்டின் ஆட்ட வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டு, மீண்டும் மீண்டும் அழைக்கப்படும் அளவுக்கு ஆடியிருக்கிறார். மீண்டும் அழைக்கப்படுவது இந்தத் தொழிலில் கிடைக்கும் மிகப் பெரிய சான்றிதழ்.

இங்கே ரயில்வே வேலையைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. நம் ஊரில் ஒரு பையனோ பெண்ணோ கூடைப்பந்து நன்றாக ஆடினால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்குமா?” என்பதுதான். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, போலீஸ், ராணுவம். அந்தக் கேள்வியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போய்விடும். அதற்குப் பிறகும் அறுபது வயது வரை சம்பளம், அதன்பின் ஓய்வுக்கால வருமானம், ஆஸ்பத்திரிச் செலவு என்று எல்லாம் அந்த நிரந்தர வேலையில் அடங்கியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அந்த வேலையில் இருந்துகொண்டேதான் பத்தொன்பது வயதில் இந்தியாவின் கேப்டன் ஆனார், 2017 வரை நாட்டுக்காக ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். தெற்கு ரயில்வே இல்லையென்றால் அந்த நீண்ட ஆட்ட வாழ்க்கை இருந்திருக்குமா என்பதே சந்தேகம். இந்திய மகளிர் கூடைப்பந்தை இத்தனை காலம் தாங்கி நின்றது ரயில்வேதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அதே வேலை ஒரு வேலியாகவும் நிற்கிறது. எட்டு மாதம் விடுப்பு கேட்டால் எந்த அலுவலகம் கொடுக்கும்? கொடுத்தாலும் அந்த எட்டு மாதம் பணிமூப்பில் சேருமா? நிறுவன அணி அந்தப் பருவத்தில் கோப்பையை இழந்தால் யார் பொறுப்பு? வெளிநாட்டு ஒப்பந்தமோ ஒரு பருவம்தான். ஒரு பருவத்துக்காக முப்பது வருட வேலையை விடச் சொல்வது நம் குடும்பங்களிடம் கேட்கக் கூடாத தியாகம். கீத்துவின் கதை முக்கியமாவது இதனால்தான். அவர் ரயில்வே ஊழியராக இருந்துகொண்டே போனார், ஆடினார், திரும்பி வந்து ரயில்வேக்கே கோப்பைகளை வென்று கொடுத்தார். அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அவரே ஆதாரம். அந்த வழி இன்னும் விதியாக எழுதப்படாமல் தனிப்பட்ட சலுகையாகவே கிடக்கிறது.

அடுத்தவர் அம்ரித்பால் சிங். அமிர்தசரஸ் மாவட்டத்தின் ஃபத்துவால் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பம். கபடி ஆடிக்கொண்டிருந்த பையன். ஏறத்தாழ ஏழடி உயரம் என்பதால் உறவினர் ஒருவர் கூடைப்பந்துப் பக்கம் இழுத்துவிட்டார். அப்போது வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது. உலகின் மற்ற நாடுகளில் அந்த வயதில் ஓர் ஆட்டக்காரர் பத்து வருடப் பயிற்சியை முடித்திருப்பார். இவர் அப்போதுதான் பந்தைத் தட்டப் பழகினார். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் டாக்டர் எஸ். சுப்பிரமணியன் போன்ற பயிற்சியாளர்கள் பஞ்சாப்பின் உயரமான கிராமத்துப் பையன்களைத் தேடிப் பிடித்து வளர்த்த காலம் அது.

2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்ற கணக்கில் தோற்கடித்தது. கூடைப்பந்தில் சீனாவை இந்தியா வென்றது அதுவே முதல்முறை. அதுவும் அவர்கள் மண்ணில். அந்த வெற்றிக்கு முன்பு வரை, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் ஆடியதே இந்தியக் கூடைப்பந்தின் பெருமையாக இருந்தது. பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. வூஹான் வெற்றி அப்படி வந்ததில்லை. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த அம்ரித்பாலும் அம்ஜோத் சிங்கும் பிறகு ஜப்பானின் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணிக்கு ஆடப்போனார்கள். ஜப்பானில் அது முதல்நிலை அணி இல்லை. ஆனால் வாரக் கடைசிதோறும் ஆட்டம். காலையும் மாலையும் பயிற்சி.

2017-ல் அம்ரித்பாலை சிட்னி கிங்ஸ் ஒப்பந்தம் செய்தது. பயிற்சியாளர் ஆண்ட்ரூ கேஸ், ஆஸ்திரேலியக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. கிராமத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர் பத்தாண்டுக்குள் ஆஸ்திரேலியாவின் உச்ச லீகில் உட்கார்ந்திருந்தார். ‘உட்கார்ந்திருந்தார்’ என்பது வேண்டுமென்றே சொன்னது. பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில்தான் இருந்தார். கூடைக்கு அருகே ஆடும் முக்கிய சென்டருக்கு மூச்சு வாங்கும்போது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக நாள் முழுவதும் உடம்பைத் தயாராக வைத்திருப்பது தனித் திறமை. நம் ஊரில் நட்சத்திரமாக ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பாடம்.

அந்தப் பருவத்தில் ஆஸ்திரேலிய லீகில் ஓர் அணிக்கு 28 லீக் ஆட்டங்கள். அதற்கு முன் பயிற்சி ஆட்டங்கள், அதற்குப் பின் நாக்-அவுட். நம் நாட்டில் முன்னணி ஆட்டக்காரருக்கு தேசிய சாம்பியன்ஷிப், ஃபெடரேஷன் கோப்பை, சில அகில இந்தியப் போட்டிகள், நிறுவனங்களுக்கு இடையிலான போட்டிகள் கிடைக்கும். இவையெல்லாம் சில நாட்களில் தொடர்ந்து நடந்து முடியும் போட்டிகள். வாரம் ஓர் ஆட்டம், நடுவில் ஐந்து நாள் பயிற்சி, எதிராளியின் வீடியோ பார்த்துத் தயாராவது என்ற ஒழுங்கு இங்கே கிடைப்பதில்லை. உயரம் குறைவு, உடல்வாகு இல்லை, சாப்பாடு சரியில்லை என்று நாம் அடுக்கும் காரணங்களைவிட இந்த ஒரு குறை பெரியது. ஆட்டக்காரர் ஆட்டத்தில்தான் வளர்கிறார்.

2010-ல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்போடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது, தொழில்முறை லீக் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த லீக் வரவில்லை. 2015 முதல் 2017 வரை யு.பி.ஏ. என்ற தனியார் லீக் நடந்தது. சென்னை ஸ்லாம் என்ற அணியும் அதில் இருந்தது. அதுவும் நின்றுபோனது. 2022-ல் ஐ.என்.பி.எல். என்ற லீக் வந்தது. ஒவ்வொன்றும் சில ஆட்டக்காரர்களுக்குச் சில மாதச் சம்பளம் கொடுத்தது. பத்து வருடம் ஒரே லீக் தொடர்ந்து நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அறிய பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். அங்கே பி.பி.ஏ. லீக் 1975-லிருந்து நடக்கிறது; ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். ஜப்பானின் பி.லீக் 2020-ல் சில ஆசிய நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியபோது முதலில் போய் இறங்கியவர்களில் பிலிப்பைன்ஸின் தர்டி ரவேனா ஒருவர். அவருக்குப் பின்னால் அண்ணன் கீஃபரும் போனார். கதவு திறந்த அன்று உள்ளே போகத் தயாராக ஆள் இருந்தது.

அம்ரித்பாலோடு அதே 2017-ல் இன்னும் இரண்டு பேருக்கு வழி திறந்தது. வாரணாசிக்காரரான விசேஷ் பிருகுவன்ஷியை அடிலெய்ட் 36-யர்ஸ் சேர்த்துக்கொண்டது. ஓ.என்.ஜி.சி. ஊழியரான அவர் நெடுநாள் இந்திய அணியின் கேப்டன். 2020-ல் அர்ஜுனா விருது பெற்றவர். அம்ஜோத் சிங் என்.பி.ஏ.யின் துணை லீகான ஜி லீகில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்தப் பருவம் ஆடினார். அதற்கு முந்தைய ஆண்டு பல்ப்ரீத் சிங்கை லாங் ஐலண்ட் நெட்ஸ் தேர்ந்தெடுத்தது. ஆனால் களமிறங்கும் முன்பே விடுவித்துவிட்டது. ஜி லீக் என்றதும் கோடிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-19 பருவத்தில் அங்கே ஐந்து மாதத்துக்கு 35,000 டாலர். அதற்கு முன் இன்னும் குறைவு. அதே ஆட்டக்காரர் ஐரோப்பாவிலோ சீனாவிலோ அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். என்.பி.ஏ.யின் கண்ணில் படும் தூரத்தில் இருப்பதற்காகக் குறைந்த சம்பளத்துக்கு அங்கே நிற்கிறார்கள்.

சத்னாம் சிங் பாமராவின் பாதை எல்லோரையும்விட உயர்ந்து, எல்லோரையும்விடக் கடுமையாக இறங்கியது. பல்லோ கே என்ற சிறு கிராமத்து விவசாயியின் மகன். அவரும் லூதியானா அகாடமியில் வளர்ந்தவர். 2010-ல், பதினான்கு வயதில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையில் அனுப்பப்பட்டார். ஆங்கிலம் தெரியாது, உடன் வீட்டார் இல்லை. ஐந்து வருடம் கழித்து, 2015-ல், டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். கல்லூரி ஆட்டம் ஆடாமலே நேராகத் தொழிலுக்கு வந்தவர் அவர். டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணியில் இரண்டு பருவம் இருந்தார். என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. 2018-ல் கனடாவின் கிழக்கோரத்தில், நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குப் போனார். பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை பெற்றார். தடைக் காலத்திலேயே அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார். இன்று அவரை மல்யுத்த வீரராகவே பலருக்குத் தெரியும்.

அவர் மேல் மட்டும் பழி போடுவது எளிது. பதினான்கு வயதுப் பையன் மேல் ஒரு நாட்டின் சந்தைக் கனவை ஏற்றிவைத்தோம். ‘நூறு கோடியில் ஒருவன்’ என்று சொல்லிச் சொல்லி, பத்தொன்பது வயதில் அவர் அடைய வேண்டிய இடத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டோம். டோக்கியோ எக்ஸலன்ஸ் போன்ற ஓர் அணியில் சத்தமில்லாமல் நான்கு பருவம், ஆட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் என்று ஆடக் கிடைத்திருந்தால் அவர் வேறு ஆட்டக்காரராக வந்திருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது. அவருக்குப் பின் வந்த பிரின்ஸ்பால் சிங் நொய்டா பக்கத்து என்.பி.ஏ. அகாடமியில் படியேறி, ஜி லீக் இக்னைட் அணி வழியாகப் போய், என்.பி.ஏ.யின் 2021 கோடைக்கால லீகில் பட்டம் வென்ற சாக்ரமெண்டோ அணியில் இடம்பெற்றார். படிகளை ஒவ்வொன்றாக ஏறும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

தமிழர் யாருமே போகவில்லையா என்ற கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். போனவர் ஒருவர் இருக்கிறார்; ஆட்டம் மட்டும் கொஞ்சம் வேறு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்து அங்குலம். அவர் ஆடியது வலைப்பந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெண்களுக்கான கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் பிரிந்து வளர்ந்த ஆட்டம். வளையத்தின் உயரம் இரண்டுக்கும் அதே பத்தடி. வலைப்பந்தில் பலகை கிடையாது, பந்தைத் தட்டி ஓடக் கூடாது, வளையத்தில் போடும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். அந்த இரண்டு பேரில் ஒருவராகத் தர்ஜினி நின்றால் எதிரணிக்குத் தலைக்கு மேல் பறக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தேசிய அணிக்கு வந்தார். 2009-ல் இலங்கை ஆசியக் கோப்பையை வென்றபோதும், 2018-ல் சிங்கப்பூரில் மீண்டும் வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். நடுவில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா லீகில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடப்போனார். கீத்து ஆடிய அதே மெல்பர்ன் வட்டாரம். நாற்பது வயதை ஒட்டி 2019-ல் லிவர்பூல் உலகக் கோப்பையில் இலங்கைக்காக நின்றார். கொழும்பின் விளையாட்டு நிர்வாகம், யாழ்ப்பாணத்து வீடு, மெல்பர்னின் கிளப் என்று மூன்று உலகங்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண் இவ்வளவு காலம் தொழில் நடத்தியிருக்கிறார். அவரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. அந்தக் குறையை நாம்தான் தீர்க்க வேண்டும்.

இனி, போக நினைக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கும் தேவையான சில நடைமுறைகள். ஒரு நாட்டுக் கூட்டமைப்பில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டில் ஆட வேண்டுமானால், சொந்தக் கூட்டமைப்பு ‘லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்’ என்ற அனுமதிக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் எந்த லீகும் களத்தில் இறக்காது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு இந்த நாடு மாற்றம் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. தனிக் காரணம் காட்டி உலகக் கூட்டமைப்பான ஃபிபாவிடம் ஒப்புதல் பெற வேண்டும். ஆகவே, “உங்கள் பதினாறு வயதுப் பையனை அடுத்த மாதம் ஐரோப்பாவில் ஆட வைக்கிறேன், இவ்வளவு பணம் கட்டுங்கள்” என்று ஒருவர் வீட்டுக்கு வந்தால், கதவைச் சாத்திவிடலாம். ஏஜெண்டுகளுக்கு ஃபிபா உரிமம் வழங்குகிறது. ஒழுங்கான ஏஜெண்டின் கூலி ஒப்பந்தம் கிடைத்தபின் வருவது.

அக்ரிமெண்டில் பார்க்க வேண்டியவை சில உண்டு. சம்பளம் உறுதியானதா, அல்லது அணியிலிருந்து நீக்கினால் அன்றோடு நின்றுவிடுமா? காயம் பட்டால் சிகிச்சை யார் செலவு? அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுவாழ்வுப் பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா? வீட்டு வாடகை, ஊருக்கு வரப் போக டிக்கெட், வரி யார் கட்டுவது? கடைசியாக ஒரு வரி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்: தகராறு வந்தால் ‘பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் ட்ரிப்யூனல்’ முன் தீர்த்துக்கொள்வது என்ற வரி. ஃபிபா 2007-ல் தொடங்கிய தீர்ப்பாயம் அது, இருக்கை ஜெனீவா. சம்பளம் தராத கிளப்புகளுக்கு எதிராக ஆட்டக்காரர்கள் அங்கே வழக்குப் போட்டு வென்றிருக்கிறார்கள். தீர்ப்பை மதிக்காத கிளப், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வாங்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்தில், அந்த ஊர் மொழியில், திரும்பிப் போன பின் வழக்காட வேண்டியிருக்கும். வளைகுடாவில் சம்பளம் சிக்கித் தவித்த குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதையெல்லாம் கப்பலூரில் நின்று ஏன் பேச வேண்டும்? இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அறுபது ஆண்டுகளைக் கடந்து அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. கோடைக்காலத்தில், மின்னொளியில், ஊர் கூடி உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம். இந்திய விமானப்படை, கடற்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகள் வருகின்றன. கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை இருக்கிறது. தென் தமிழ்நாட்டுப் பையன் ஒருவனுக்கு நாட்டின் சிறந்த சென்டர்களைப் பத்தடி தூரத்தில் பார்க்கும் பாக்கியம் வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. இந்த ஆட்டத்தின் மேல் நமக்கு ஆசை இருக்கிறது, ரசிகர் கூட்டம் இருக்கிறது, கோப்பைகள் இருக்கின்றன. இல்லாதது வெளியே போகும் பாதை.

பாதை போட மூன்று பேர் கைகொடுக்க வேண்டும். முதலில் நிறுவனங்கள். ரயில்வேயும் வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும், வெளிநாட்டு லீகில் ஒப்பந்தம் பெறும் ஆட்டக்காரருக்கு ஒரு பருவம் சம்பளமில்லா விடுப்பு, பணிமூப்பு பாதிக்காமல், விதியாகவே எழுதித் தர வேண்டும். திரும்பி வருகிறவர் அதே நிறுவன அணிக்கு இன்னும் சிறந்த ஆட்டக்காரராகத்தான் வருவார். அடுத்து கூட்டமைப்பு: அனுமதிக் கடிதம் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கக் கூடாது; தேசிய முகாமின் தேதிகளை ஓராண்டு முன்பே அறிவிக்க வேண்டும். முகாம் எப்போது என்று தெரியாத ஆட்டக்காரரோடு எந்தக் கிளப்பும் கையெழுத்திடாது.

மூன்றாவது நாம். வெளிநாட்டு அணியின் பயிற்சியாளர் பெரியகுளத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. அவர் கேட்பது முழு ஆட்டத்தின் வீடியோ. டங்க் அடித்த பத்து நொடித் துண்டு அவருக்குப் போதாது. தோற்றுக்கொண்டிருக்கும்போது ஓடிவந்து தடுக்கிறானா, சக ஆட்டக்காரன் தவறவிட்ட பந்துக்குப் பாய்கிறானா என்று பார்ப்பார். அதோடு எத்தனை நிமிடம், எத்தனை ரீபவுண்டு, எத்தனை தவறு என்ற கணக்கும் வேண்டும். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. திருமங்கலத்திலும் மதுரையிலும் நடக்கும் மாவட்டப் போட்டிகளிலிருந்தே தொடங்கலாம்: மைதானத்தின் உயரமான மூலையில் ஒரு கேமரா, பக்கத்தில் கணக்கெழுத இரண்டு பேர், ஆட்டம் முடிந்த இரவே ஒவ்வோர் ஆட்டக்காரர் பேரிலும் ஒரு கோப்பு. பதினெட்டு வயதாகும் நாளில் அந்தப் பையனிடமோ பெண்ணிடமோ பாஸ்போர்ட்டும், நான்கு வருட ஆட்டங்களின் பதிவும், படித்துப் பார்க்கத் தெரிந்த ஓர் அக்ரிமெண்டும் இருக்க வேண்டும். அடுத்த மாவட்டப் போட்டிக்குக் கேமரா பிடிக்க முன்வருகிறவர்கள், இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.